அப்பா பார்த்த கௌபாய் ஊமைப் படம் எது? காணும் பொங்கலுக்கு மாடியில் போட வேண்டும்

முத்தியால்பேட்டை மாடி:

வணக்கம். கேள்வி இரண்டு, ஆனால் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தெருக்காரர்களுக்குப் படம் போடுவோம். ஒரு சின்ன புரொஜெக்டர், அத்தையின் வெள்ளைப் போர்வை, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர், கொசுவத்திச் சுருள் நான்கு, அவ்வளவுதான் தியேட்டர். போன தடவை மெயின் படத்துக்கு முன்னால் ஒரு மாறுதலுக்கு ஊமைப் படம் போடலாம் என்று தேடி, 1911-இல் வந்த ‘ஆல்கலை ஐக்ஸ் ஆட்டோ’ என்ற சின்ன கௌபாய் காமெடியைப் போட்டேன். ஒரே பெண், அவள் பின்னால் இரண்டு கௌபாய்கள், ஒருவனைத் தோற்கடிக்க இன்னொருவன் எங்கிருந்தோ ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், அந்தக் கார் அவன் பேச்சைக் கேட்காமல் தன் பாட்டுக்கு ஓடுகிறது. பசங்களுக்கு ஒரே குஷி. எங்கள் ஆயா மட்டும், "ஏன்டா எல்லாரும் இப்படி விறுவிறுன்னு நடக்கறாங்க, மழை வருதா?" என்று கேட்டது. எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர், காதல் படம் என்று சொல்லியிருந்தால் பேத்தியைக் கூட்டி வந்திருக்க மாட்டேன் என்று முணுமுணுத்தார், ஆனால் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

அப்புறம்தான் அப்பா ஆரம்பித்தார். சின்ன வயதில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக்கார வாத்தியார் ஒருவர் ஒருநாள் சாயங்காலம் கூடத்துச் சுவரில் ஒரு ஊமைப் படம் போட்டுக் காட்டினாராம். அதில் வருகிற கௌபாய் சிரிக்கவே மாட்டானாம். எவனோ துப்பாக்கியை நீட்டி "சிரிடா" என்றால், இரண்டு விரலால் உதட்டோரத்தை மேலே தள்ளிக் காட்டுவானாம். கடைசியில் முதலாளி என்ன வேண்டும் என்று கேட்கும்போது பெண்ணை விட்டுவிட்டு மாட்டைக் கேட்பானாம். அம்மா இதை நம்பவில்லை. இவர் பாதி படத்தில் தூங்கி மீதியைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார் என்பது அவர் கட்சி.

அந்தப் படம் எது? அதே மாதிரி கௌபாய் காதல் காமெடி ஊமைப் படங்களில் பெரியவர், பொடிசு எல்லாரும் சேர்ந்து பார்க்கக்கூடியது வேறு என்ன இருக்கிறது? காணும் பொங்கலன்று போட எண்ணம். நடுநடுவே வசனம் எழுதின இங்கிலீஷ் அட்டை வருகிறதே, அதை என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.


கெடிலக்கரை:

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பா தூங்கவில்லை. அது பஸ்டர் கீட்டனின் ‘கோ வெஸ்ட்’, 1925. நடிப்பும் இயக்கமும் அவரேதான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. யாருமில்லாத ஒருத்தன், படத்தில் அவன் பெயரே ‘நட்பற்றவன்’ என்ற அர்த்தத்தில்தான் வரும், ரயிலேறி மேற்கே போய் ஒரு மாட்டுப்பண்ணையில் வேலைக்குச் சேருகிறான். வேலை சுத்தமாகத் தெரியாது. பால் கறக்கச் சொன்னால் மாட்டுக்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, பால் தானாக வரும் என்று பக்கத்தில் காத்துக்கொண்டிருப்பான். பிரவுன் ஐஸ் என்ற பசுவின் குளம்பில் சிக்கிய கல்லை எடுத்து விடுகிறான், அவனைக் காளை முட்ட வரும்போது அந்தப் பசு குறுக்கே வந்து காப்பாற்றுகிறது, அதிலிருந்து இரண்டு பேரும் பிரிவதில்லை. அவளுக்கும் கொம்பு இருக்கட்டும் என்று மான்கொம்பை எடுத்துத் தலையில் கட்டி விடுவான். மாட்டுக்கு முத்திரை போட வேண்டும் என்று பழுக்கக் காய்ச்சிய இரும்போடு வருகிறார்கள், இவனுக்கு மனசு கேட்குமா, சோப்பு நுரை தடவிச் சவரக்கத்தியால் முடியை மட்டும் மழித்து முத்திரை மாதிரி வரைந்துவிடுவான். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக மாடு வைத்திருக்கிறோம், அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

விரல் காட்சி சீட்டாட்டத்தில் வருகிறது. எதிரில் இருப்பவன் ஏமாற்றுகிறான் என்று இவன் சொல்ல, அவன் துப்பாக்கியை நீட்டி, அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டு சொல் என்கிறான். அந்தக் காலத்து கௌபாய் கதைகளில் பேர்பெற்ற வீர வசனம் அது. ஆனால் கீட்டன் திரையில் சிரிக்காத முகத்துக்கே பெயர் வாங்கியவர், ‘பெரிய கல் முகம்’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். அந்த வசனத்தை அவரிடம் போய்ச் சொன்னால் வேறு என்ன செய்வார், இரண்டு விரலை எடுத்துத் தள்ளுகிறார்.

கடைசியில் ஒரு பெரிய மந்தையையே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருக்களுக்குள் ஓட்டிக்கொண்டு போவார். கடைக்குள் மாடு, சவரக்கடைக்குள் மாடு. சிவப்பைக் கண்டால் மாடு துரத்தும் என்று சிவப்பு நிறச் சாத்தான் வேடம் போட்டுக்கொண்டு முன்னால் ஓடுவார். படம் கறுப்பு வெள்ளை என்பதால் அது சிவப்பு என்று உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


குருசுக்குப்பம்:

கோ வெஸ்ட் நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேராக அதில் இறங்காதீர்கள். நீங்கள் ஏற்கனவே போட்ட ஆல்கலை ஐக் இருக்கிறதே, விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதைத் தாண்டி வந்தால்தான் கீட்டன் என்ன குறும்பு செய்தார் என்பது விளங்கும்.

1903-இல் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டர் ‘தி கிரேட் ட்ரெயின் ராபரி’ எடுத்தார். கௌபாய் படங்களின் கொள்ளுத்தாத்தா அது, பன்னிரண்டு நிமிடம் இருக்கும், எடுத்தது மேற்கில்கூட இல்லை, கிழக்குக் கரையோரம் நியூ ஜெர்சியில். அதில் நடித்த கில்பர்ட் ஆண்டர்சன் என்பவர் குதிரை நன்றாக ஓட்டுவேன் என்று புளுகி வாய்ப்பு வாங்கி, ஏறியதும் விழுந்தவர். அதே ஆள் 1907-இல் ஜார்ஜ் ஸ்பூர் என்பவரோடு சேர்ந்து எஸ்ஸனே கம்பெனியைத் தொடங்கினார், ஸ்பூரின் எஸ், ஆண்டர்சனின் ஏ, இரண்டும் சேர்ந்து எஸ்ஸனே. பிற்பாடு பிராங்கோ பில்லி என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சின்னப் படங்களில் கௌபாயாக வந்தார். குதிரையிலிருந்து விழுந்தவர்தான் உலகத்தின் முதல் கௌபாய் ஸ்டார். இதைவிடப் பெரிய காமெடியை எவன் எழுதப் போகிறான்?

பிராங்கோ பில்லி சீரியஸ் ஆள். அவர் கம்பெனியிலேயே பக்கத்தில் இன்னொரு அடுப்பில் காமெடியும் வெந்துகொண்டிருந்தது. அகஸ்டஸ் கார்னி ஆல்கலை ஐக்காகவும் ஹாரி டாட் மஸ்டாங் பீட்டாகவும் வருவார்கள், மார்கரெட் ஜாஸ்லின்தான் இவர்கள் அடித்துக்கொள்ளும் பெண். 1912-இலிருந்து கலிஃபோர்னியாவில் நைல்ஸ் என்ற ஊரில் ஸ்டுடியோ போட்டு, ‘ஸ்னேக்வில்’ என்று ஒரு கற்பனை ஊரை வைத்து, நம்மூரில் சொன்னால் பாம்பூர், வரிசையாகத் தள்ளினார்கள். சாப்ளின்கூட 1915-இல் கொஞ்ச நாள் அதே நைல்ஸ் ஸ்டுடியோவில் வேலை செய்தார். படத்தில் ஜாஸ்லினுக்காக அலைந்த ஹாரி டாட் நிஜத்தில் அவருடைய கணவர். கட்டிய மனைவியைக் கவர வாரம்தோறும் ஒருத்தன் புதிதாக என்னென்ன பாடுபட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், துப்பாக்கிக்கு மரியாதையே கிடையாது. எல்லாரும் இடுப்பில் கட்டியிருப்பார்கள், சுடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பெண்ணிடம் எடுபடுவது வண்டிதான். 1911-இல் ஒருத்தன் பெண்ணுக்காகக் கார் கொண்டுவருகிறான் என்றால், நம் தெருவில் ஒரு பையன் கல்லூரி விடும் நேரத்துக்குச் சரியாகப் புது பைக்கில் வந்து நிற்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கலித்தொகையில் முல்லைக்கலி இதையேதான் வேறு மாதிரி சொல்கிறது, கொல்லும் காளையின் கொம்புக்குப் பயப்படுகிறவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தழுவ மாட்டாள் என்று. மாடு மேய்க்கிறவனுக்குக் காதல் என்றாலே எல்லா ஊரிலும் ஒரு பரீட்சை வைத்துவிடுகிறார்கள். இப்போது கோ வெஸ்ட்டைப் பாருங்கள். காளைக்குப் பயந்து ஓடுகிறான், பசு வந்து காப்பாற்றுகிறது. கலித்தொகைக் கணக்குப்படி இவனுக்கு ஏழு பிறவிக்கும் பெண் கிடையாது, அவனும் அதைப் புரிந்துகொண்டு பசுவையே கேட்டுவிடுகிறான்.


லயன் முத்து வெறியன்:

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, லக்கி லூக் கௌபாய் காமிக்ஸ் படிக்கக் கொடுங்கள் பிள்ளைகளுக்கு. அவனுக்கும் காதலுக்கும் ஆகாது, கடைசிப் பக்கத்தில் குதிரையோடு தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போய்விடுவான், எதிர் வீட்டுப் பெரியவருக்கும் ஆட்சேபணை இருக்காது. :)

சும்மா சொன்னேன். ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ எல்லாம் 1972-லேயே வந்தாயிற்று, நம் ஆட்களுக்கு கௌபாய் ஒன்றும் புதிதில்லை. தைரியமாகப் போடுங்கள்.


ஓல்டு டவுன் ஆபரேட்டர்:

தம்பி, உங்கள் ஆயா கேட்டது சரியான கேள்வி. யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கடலூர் பக்கம் கீற்றுக் கொட்டகையில் தொடங்கி அப்புறம் ஊருக்குள் தியேட்டர் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவன் நான். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்து ஓட்டின கை இது.

பேசும் படம் வந்த பிறகு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்று நிலைத்துவிட்டது, சத்தம் பிசகக் கூடாது அல்லவா. ஊமைப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். 1910 வாக்கில் எடுத்த படம் என்றால் நொடிக்கு 16, 18 என்று இருக்கும், அதுவும் சுற்றுகிறவன் கைவாகைப் பொறுத்தது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம், ஒரு ரீல் ஆயிரம் அடி, ஆக 16,000 பிரேம். அதை 16-இல் ஓட்டினால் பதினாறே முக்கால் நிமிடம் கிட்ட வரும். 24-இல் ஓட்டினால் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி ஐந்து நிமிடம் எங்கே போயிற்று? உங்கள் ஆயா பார்த்த விறுவிறு நடையில்தான் போயிற்று. அவர்கள் அப்படி நடிக்கவில்லை தம்பி, நாம் அப்படி ஓட்டுகிறோம். வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்து வேகமாகக் காட்டுகிற துரத்தல் காட்சியும் உண்டு, அது வேறு கணக்கு.

கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் இருந்தால் வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பாருங்கள், 24 என்பது 18 ஆகிவிடும். சில பிரதிகளை ஏற்கனவே சரிசெய்து போட்டிருப்பார்கள், அதைப் போய்க் குறைத்தால் எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் இருக்கும். யாராவது சும்மா நடந்து வருகிற இடத்தைப் பாருங்கள், தண்ணீர் குடிக்கிற இடத்தைப் பாருங்கள், கண்ணுக்கே தெரிந்துவிடும். 1925 படம் அனேகமாக இருக்கிறபடியே சரியாக ஓடும், கீட்டன் படத்தில் கை வைக்காதீர்கள்.

அட்டைக்கு வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் பக்கம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சத்தமாகக் கதை சொல்வார். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905-இல் திருச்சிக்கு வந்த துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்து ஓட்டினார், அப்போது எந்த ஜனத்துக்கு இங்கிலீஷ் தெரியும்? சொல்கிறவன் வாய் சாமர்த்தியம்தான் பாதிப் படம். உங்கள் தெருவில் கோயில் திருவிழாவுக்கு மைக் பிடிக்கிற ஆள் ஒருவர் இருப்பாரே, அவரைப் பிடியுங்கள். முதல் நாளே படத்தை ஒரு தடவை காட்டிவிடுங்கள், இல்லையென்றால் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

என்னிடம் ஒரு டப்பா நிறைய பிலிம் துண்டு இருந்தது. பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வேட்டியில் படம் காட்டுவோமே, அந்த வயதிலிருந்து சேர்த்தது. 2011-இல் தானே புயலன்று ஓடு பறந்து எல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. சரி, விடுங்கள்.


சொல்தா வீட்டுப் பேத்தி:

இந்தப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்களை விட்டுவிட்டீர்களே, அதுவும் பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு!

கௌபாய் படம் என்றால் அமெரிக்கா மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பிரான்சின் தெற்கே ரோன் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் கமார்க் என்று ஒரு சதுப்பு நிலம், பிச்சாவரம் மாதிரி தண்ணீரும் திட்டுமாக, ஆனால் காட்டுக்குப் பதில் வெட்டவெளி. அங்கே வெள்ளைக் குதிரை ஏறிக் கறுப்பு மாடு மேய்க்கிறவர்களுக்குக் கார்டியான் என்று பெயர். எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், சித்தப்பா குடும்பம் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஒருமுறை போயிருந்தபோது நானே பார்த்தேன். ஒரு கார்டியான் குதிரையை விட்டு இறங்காமலே போனில் யாரிடமோ குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தார், மாடுகள் அது பாட்டுக்கு ரோட்டில் ஏறிவிட்டன.

1910-க்குப் பிறகு அந்தக் கமார்க்கிலேயே ஜோ ஆமான் என்ற நடிகர் கௌபாயாக வேடம் கட்டி வரிசையாகப் படம் எடுத்தார். பஃபலோ பில் என்ற அமெரிக்கரின் சர்க்கஸ் மாதிரியான கௌபாய் காட்சிக் குழுவோடு பழகியவர், குதிரை ஏற்றம் நிஜமாகவே தெரியும், உங்கள் பிராங்கோ பில்லி மாதிரி இல்லை. கோமோன் கம்பெனிக்கு அவரை வைத்து இயக்கிய ழான் துரான் இன்னொரு பக்கம் பாத்திரம் பண்டம் உடைத்து வீட்டையே தலைகீழாக்குகிற காமெடிகளுக்கும் பேர்போனவர்.

இன்னொன்று, நிலாவின் கண்ணில் ராக்கெட் குத்துகிற படம் எடுத்தாரே ஜார்ஜ் மெலியேஸ், அவருடைய அண்ணன் காஸ்தோன் அமெரிக்கா போய், 1910-இல் டெக்சாஸ் சான் அன்டோனியோவில் ‘ஸ்டார் ஃபிலிம் ரேஞ்ச்’ என்று பண்ணை போட்டு கௌபாய் படமாக எடுத்துத் தள்ளினார். தம்பி பாரிசில் நிலாவுக்குப் போகிறார், அண்ணன் டெக்சாசில் மாடு மேய்க்கிறார். இந்தக் குடும்பத்தின் பொங்கல் பேச்சு எப்படி இருந்திருக்கும்!

முத்தியால்பேட்டைத் தம்பி, உங்கள் அப்பாவின் வாத்தியார் பிரெஞ்சுக்காரராக இருந்துகொண்டு கீட்டனைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பிரான்சில் கீட்டன் என்றால் உயிர், மலேக் என்று தனிப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்.


வில்லியனூர்:

எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பு சேர்க்கிறேன். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் நீங்கள் முழுசாகப் பாருங்கள், பெயரை நம்பி இறங்காதீர்கள்.

1918-இல் ஆர்பக்கிள் என்ற காமெடி நடிகரும் கீட்டனும் சேர்ந்து நடித்த ‘அவுட் வெஸ்ட்’ என்று ஒன்று, தேடினால் முதலில் வந்து நிற்கும். கௌபாய் படங்களையே கிண்டல் செய்கிற படம்தான், பல இடங்களில் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். நடுவில் சாராயக்கடையில் ஒரு கறுப்பின ஆளைச் சுற்றி நின்று, காலடியில் சுட்டுச் சுட்டு ஆட வைத்துக் குடிகாரர்கள் சிரிக்கிற காட்சி வருகிறது. ஒரு பெண் உள்ளே வந்து அவர்களைக் கடிந்துகொண்ட பிறகுதான் நிறுத்துகிறார்கள். படம் அந்தப் பெண் பக்கம்தான் என்று வாதாடலாம், ஆனால் அதற்கு முன்னால் நம்மையும் சேர்ந்து சிரிக்கச் சொல்லிவிட்டது. மாடியில் பத்து வயதுப் பிள்ளைகள் நடுவில் அதை எப்படி விளக்குவீர்கள்? நம் தெருக்களிலும் ஒருத்தனை நடுவில் நிறுத்தி நான்கு பேர் சிரித்த கதைகள் உண்டு, கேட்கிறவர்களுக்கு அது அமெரிக்கக் கதையாக மட்டும் தெரியாது. செவ்விந்தியர்களைக் காட்டுகிற விதமும் பெரும்பாலான படங்களில் அப்படித்தான்.

எனக்குப் பிடித்த ஒன்று சொல்கிறேன், பெரியவர்களுக்கு மட்டும். 1917-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘வைல்டு அண்ட் வூலி’. எழுதியவர்களில் ஒருவர் அனிதா லூஸ் என்ற பெண், அந்தக் காலத்தில் வசன அட்டைகளுக்கே பெயர் வாங்கியவர். நியூயார்க் பணக்காரப் பையன், கௌபாய் பைத்தியம், வீட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பான். ரயில்பாதை போடும் அப்பா அரிசோனாவில் ஒரு ஊருக்கு அனுப்புகிறார். அந்த ஊர் எப்போதோ சாதுவான ஊராகிவிட்டது, ஆனால் ரயில் கிளைப்பாதை வேண்டும் என்பதற்காக ஊரே சேர்ந்து பழைய காலத்து முரட்டு ஊராக வேடம் போடுகிறது, அவன் துப்பாக்கியில் போலித் தோட்டா, ஆட்டம் பாட்டம், எல்லாம் அவனுக்காக. பிறகு நடுவில் நிஜக் கொள்ளையே நடந்துவிடுகிறது. ஊரில் நெல் என்று ஒரு பெண், அவளிடம் இவன் மயங்குவதும் அந்த வேடத்துக்குள்ளேயே நடப்பதால், எது நிஜம் என்று அவளுக்கே தடுமாற்றம்.

மந்திரி வருகிறார் என்றால் ஒரே ராத்திரியில் ரோடு போட்டு மரம் நடுகிற ஊர்க்காரர்கள் நாம், இந்தக் கதை புரியாமல் போகாது. நில்லுங்கள், இதிலும் செவ்விந்தியர் காட்சிகள் உறுத்தும், அதனால்தான் பெரியவர்களுக்கு மட்டும் என்றேன்.


கெடிலக்கரை:

வில்லியனூர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அவுட் வெஸ்ட் வேண்டாம்.

குருசுக்குப்பம் சொன்ன ஸ்னேக்வில் படங்களை நிறையத் தேடி அலையாதீர்கள், முக்கால்வாசி கிடைக்காது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தால் அழுகிப் பொடியாகும், பேசும் படம் வந்த பிறகு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது, வெள்ளி எடுக்க உருக்கினதும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் கணக்கெடுத்தபோது, அங்கே வந்த ஊமை முழுநீளப் படங்கள் கிட்டத்தட்ட 11,000-இல் சுமார் 14 சதவீதம்தான் முதலில் வெளிவந்த வடிவத்திலேயே தப்பித்திருந்தன.

ஹாரோல்ட் லாயிட் நடித்த ‘அன் ஈஸ்டர்ன் வெஸ்டர்னர்’, 1920, இரண்டு ரீல், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத்துச் சொகுசுப் பையன் மேற்கே வந்து ஊர் ரவுடியிடமிருந்து ஒரு பெண்ணையும் அவள் அப்பாவையும் மீட்கிற கதை. லாயிட் கையைக் கவனியுங்கள். 1919-இல் ஒரு போட்டோ எடுக்கும்போது போலி என்று நினைத்துப் பிடித்த குண்டு நிஜமாக வெடித்து வலதுகையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போய்விட்டன, அதற்குப் பிறகு எடுத்த படம் இது, கையுறை போட்டு மறைத்திருப்பார்.

உரிமைப் பிரச்சினை இருக்காது. நம் சட்டப்படி சினிமாவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்தான். ஆனால் பிறகு சேர்த்த பின்னணி இசைக்குத் தனி உரிமை இருக்கலாம், அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு உங்கள் ஆளை வைத்தே வாசியுங்கள்.


முத்தியால்பேட்டை மாடி:

எல்லாருக்கும் நன்றி, ஆபரேட்டர் அண்ணனுக்குத் தனி நன்றி. காணும் பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் எழுத முடிகிறது.

முதலில் ஆல்கலை ஐக்கையே மறுபடி போட்டேன், இந்த முறை 0.75 வேகத்தில். ஆயா ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய சான்றிதழ். அப்புறம் லாயிட், அப்புறம் கோ வெஸ்ட். மாதா கோயிலில் கீபோர்டு வாசிக்கிற நண்பன் ஒருவனை இழுத்து வந்திருந்தேன், மாடு வருகிற இடமெல்லாம் அவன் மாட்டுப்பொங்கல் பாட்டை வாசித்தான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதை சொல்ல அத்தை முன்வந்தார். அட்டையில் ஒரு வரி இருந்தால் அத்தை நான்கு வரி சொன்னார், அதில் ஒரு வரி அத்தையின் மாமியாரைப் பற்றி.

விரல் காட்சி வந்தபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா பக்கம் திரும்பி அதே மாதிரி இரண்டு விரலால் உதட்டைத் தள்ளிக் காட்டினார். அம்மா, "சரி சரி, உக்காருங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றார். எதிர் வீட்டுப் பெரியவர் இந்தத் தடவை பேத்தியோடுதான் வந்திருந்தார்.

ஆனால் எல்லாரையும்விட அதிகம் சிரித்தது, தெருமுனையில் மாடு வைத்திருக்கிற பால்கார ஆயா. வாளியை வைத்துவிட்டு அவன் காத்திருக்கிற இடத்தில் ஆரம்பித்த சிரிப்பு, மூச்சு வாங்கி, இருமி, தண்ணீர் கொடுத்துத்தான் அடங்கியது. மழிக்கிற காட்சியில் மட்டும் சிரிக்கவில்லை, ‘நல்ல புள்ள’ என்று ஒரே ஒரு வார்த்தை. கடைசியில் முதலாளியும் அவர் பெண்ணும் காரில் முன்னால் உட்கார, பின்சீட்டில் அவனும் பசுவுமாகப் போகிறார்களே, அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்தபோது என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வண்டில ஏத்தினா மாடு மிரளும், அது எப்படி அசையாம நின்னுச்சு? நூறு வருசத்துப் படம்ங்கற, அப்ப அவன் அதை எப்படிப் பழக்கினான்னு அந்த கம்ப்யூட்டர்ல யாரையாவது கேட்டுச் சொல்லேன்" என்றது.

அதனால் கேட்கிறேன்.